கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

1880களில் துருக்கியிலோ ஈரானிலோ நெய்த ஒரு கம்பளத்தைப் பார்க்கக் கிடைத்தால், அதில் சாம்பல் நிறம் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். சிவப்பும் கருநீலமும் இன்றும் செழிப்பாக இருக்கும். நடுவே சில பூக்கள் மட்டும் சாம்பலாகக் களையிழந்து கிடக்கும். இத்தனை அழகாக நிறம் சேர்க்கத் தெரிந்த கை, இங்கே ஏன் இதைக் கொண்டுபோய் வைத்தது என்று தோன்றும். கம்பளத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். பின்பக்கத்தில் அதே பூ பளீரென்ற மெஜந்தா நிறத்தில் இருக்கும். நெய்த பெண் வைத்தது அந்த நிறத்தைத்தான். அது ஃபுக்சின் என்ற செயற்கைச் சாயம். வெளிச்சம் பட்ட பக்கத்தில் மட்டும் வெளுத்துப்போய்விட்டது.

கம்பளம் என்றால் என்ன, அதன் நிறமும் வடிவமும் எப்படி மாறின என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்தச் சாம்பல் பூவைத்தான் நான் முதலில் காட்டுவேன். நெய்தவர் கையில் என்ன சாயம் இருந்தது, நெய்து முடித்ததை யார் வாங்கப்போகிறார் என்ற இரண்டும்தான் ஒரு கம்பளத்தின் தோற்றத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தன. இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் கம்பளமும் மாறியது.

முதலில், முடிச்சு

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது ஜமக்காளம். பவானியில் நெய்வது போன்ற ஜமக்காளத்தில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும், ஊடை நூல் குறுக்கே போகும், அவ்வளவுதான். மேற்பரப்பு தட்டையாக இருக்கும். முடிச்சுக் கம்பளம் வேறு. அதிலும் பாவும் ஊடையும் உண்டு. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவது அவை இரண்டும் அல்ல. பாவு நூல்கள் இரண்டை எடுத்து, அவற்றைச் சுற்றி ஒரு சிறு கம்பளி நூலைக் கையால் முடிந்து, மிச்சத்தைக் கத்தியால் அறுத்துவிடுவார்கள். அறுத்த இரண்டு நுனிகளும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வரிசை முழுக்க இப்படி முடிந்ததும் ஊடை நூலை ஓட்டி, கனமான சீப்பு போன்ற கருவியால் அடித்து இறுக்கி, அடுத்த வரிசைக்குப் போவார்கள். நாம் கால் வைக்கும் மெத்தென்ற பரப்பு முழுவதும் இந்த நுனிகள்தான்.

முடிச்சில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. துருக்கியிலும் காக்கசஸ் மலைப்பகுதியிலும் கம்பளி நூல் இரண்டு பாவு நூல்களையும் சமமாகச் சுற்றி நடுவில் வெளியே வரும். ஈரானின் பல ஊர்களில் ஒரு பாவு நூலை முழுதாகச் சுற்றி, இன்னொன்றின் அடியில் மட்டும் நுழைந்து வரும். இரண்டாவது முறையில் நுணுக்கமான வளைவுகள் எளிதாக வரும் என்பார்கள். ஆனால் முதல் முறையிலும் மிக நுண்ணிய வேலைகள் உண்டு. ஈரானிலேயே தப்ரீஸ் நகரத்து நெசவாளர்கள் அந்த முடிச்சைத்தான் போடுகிறார்கள்.

ஒவ்வொரு முடிச்சும் ஒரு நிறப் புள்ளி. கணக்கு நோட்டின் கட்டங்களில் வண்ணம் அடித்து ஒரு ரோஜாப்பூ வரைவதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் பெரிதாக இருந்தால் ரோஜா படிக்கட்டு போலத்தான் வரும். கட்டம் சிறிதாகச் சிறிதாக இதழின் வளைவு தெரியத் தொடங்கும். ஒரு சதுர அங்குலத்துக்கு 60 முடிச்சு உள்ள நாடோடிக் கம்பளத்தில் முக்கோணமும் சதுரமும் கொக்கிகளும் நிறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம். அதே அளவு இடத்தில் 300க்கு மேல் முடிச்சு போட்டால் கொடி வளைந்து படரும், பூவின் காம்பு கூடத் தெரியும்.

இன்னொரு காரணம், அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது. நாடோடிக் குடும்பத்துப் பெண் தரையில் படுத்த நிலையில் உள்ள தறியில், எந்தத் தாளையும் பார்க்காமல், அம்மாவிடமிருந்து கற்ற நினைவிலிருந்து நெய்தாள். கிடை மாற்ற வேண்டி வந்தால் தறியைச் சுருட்டிக் கழுதை மேலோ ஒட்டகத்தின் மேலோ ஏற்றிக்கொண்டு போய், புது இடத்தில் விரித்து மீண்டும் தொடங்குவாள். நகரத்துப் பட்டறையில் வரைபடம் வேறொருவர் வேலை. கட்டம் போட்ட தாளில் ஓவியர் வரைந்து கொடுப்பார், நெசவாளர் அதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து முடிவார்.

சாயப் பானை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகத்தில் இருந்த சாயம் ஏறக்குறைய எல்லாமே செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் நத்தையிலிருந்தும் வந்ததுதான். கம்பளத்துக்கு முக்கியமானவை மிகச் சில. சிவப்புக்கு மேடர் என்ற செடியின் வேர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு அது. அந்த வேரில் சிவப்பைத் தரும் பொருளின் பெயர் அலிசரின். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயம் போட்ட சாயவேரிலும் அதே அலிசரின்தான் இருக்கிறது. ஈரானியக் கம்பளத்தின் சிவப்பும் நம் பழைய சாயத்துணிகளின் சிவப்பும் வேதியியலில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

கம்பளியை வேர்க் கஷாயத்தில் போட்டு எடுத்தால் மட்டும் சாயம் பிடிக்காது. முதலில் படிகாரத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். படிகாரம் ஒரு பக்கம் கம்பளியையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். படிகாரத்துக்குப் பதில் இரும்புச் சத்துள்ள நீரைப் பயன்படுத்தினால் அதே வேர் சிவப்புக்குப் பதிலாக ஊதா கலந்த பழுப்பைத் தரும். கலவையின் அளவு, தண்ணீரில் உள்ள உப்பு, வேரின் வயது, அடுப்பின் சூடு இவற்றைப் பொறுத்து ஆரஞ்சு முதல் ஆழ்ந்த சிவப்பு வரை ஒரே வேரிலிருந்து எடுக்கலாம். கொஞ்சம் குளிர்ந்த, நீலம் தட்டிய சிவப்பு வேண்டுமென்றால் பூச்சிகள் இருந்தன. அரக்குப் பூச்சி ஒன்று, பிற்காலத்தில் மெக்ஸிகோவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சி இன்னொன்று.

நீலத்துக்கு அவுரி. பாரசீக மொழியில் அதன் பெயரே ‘நீல்’ என்பதுதான். அது இந்தியாவிலிருந்து போன சொல். இந்தியாவிலிருந்து போன சரக்கும் கூட. அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. நொதிக்க வைத்த தொட்டியில் ஆக்சிஜனை நீக்கினால்தான் கரையும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது கம்பளி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண் முன்னே நீலமாக மாறும். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப முக்கி எடுக்க வேண்டும். நேரமும் திறமையும் கேட்கும் வேலை என்பதால் அவுரிச் சாயத்துக்கென்றே தனிச் சாயக்காரர்கள் ஊர்களில் இருந்தார்கள்.

மஞ்சளுக்குப் பல செடிகளும் மாதுளம் பழத் தோலும், பழுப்புக்கு வால்நட் கொட்டையின் மேல்தோலும் உதவின. பச்சைக்கு அநேகமாகத் தனிச் சாயம் கிடையாது. மஞ்சள் ஏற்றி அதன் மேல் நீலம் ஏற்றுவார்கள். மஞ்சள் பொதுவாகச் சீக்கிரம் மங்கும். பல பழைய கம்பளங்களில் இலைகள் நீல நிறத்தில் தெரிவது இதனால்தான். அவை ஒரு காலத்தில் பச்சையாக இருந்தவை. கருமைக்கு இரும்பும் துவர்ப்புப் பொருளும் சேர்த்தார்கள். அந்தக் கலவை நாளடைவில் கம்பளியையே அரித்துவிடும். பழைய கம்பளத்தின் மேல் கையை ஓட்டினால் கருப்பும் அடர்பழுப்பும் உள்ள இடங்கள் பள்ளமாகவும் மற்ற நிறங்கள் மேடாகவும் செதுக்கியது போல இருக்கும். அதை யாரும் செதுக்கவில்லை, இரும்பு அரித்தது.

அப்புறம் அப்ராஷ். ஒரே சிவப்பு என்று நினைக்கும் பரப்பில் குறுக்கே பட்டை பட்டையாக நிறம் கூடியும் குறைந்தும் இருந்தால் அதற்கு இந்தப் பெயர். சாயம் போட்ட நூல் தீர்ந்து, அடுத்த முறை காய்ச்சியபோது நிறம் சற்று மாறியிருக்கும். தறியில் அந்த இடத்திலிருந்து புது நூல் தொடங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் குறை என்று நினைப்பார்கள். எனக்கோ கம்பளத்திலேயே உயிருள்ள இடம் அதுதான். ஒரே நிறத்தில் வானம் இருப்பதில்லை அல்லவா, அது போல.

இந்தச் சாயங்கள் எவ்வளவு காலம் நிற்கும்? 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் பாஸிரிக் என்ற இடத்தில் பனியில் உறைந்த ஒரு கல்லறையைத் தோண்டினார் செர்கேய் ருதென்கோ. உள்ளே சுமார் 1.83 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஒரு முடிச்சுக் கம்பளம் இருந்தது. வயது ஏறத்தாழ 2,300 ஆண்டு. ஓரத்தில் குதிரை வீரர்கள் வரிசையாகப் போகிறார்கள், இன்னொரு வரிசையில் மான்கள் மேய்கின்றன. சிவப்பு இன்னும் சிவப்பாகவே தெரிகிறது. இன்று அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லறையின் இருட்டும் குளிரும் அதைக் காப்பாற்றின என்பதும் உண்மைதான், எந்தச் சாயத்துக்கும் வெளிச்சம் பகைதான்.

ஒரு மாணவனும் ஒரு ஊதா நிறமும்

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவன் மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றான். மருந்து வரவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த பொருளிலிருந்து ஒரு ஊதாச் சாயம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஃபுக்சின் வந்துவிட்டது. 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். மேடர் பயிரிட்டு வாழ்ந்த ஐரோப்பிய விவசாயிகளின் பிழைப்பு சில ஆண்டுகளில் போனது. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தபோது இந்திய அவுரிக்கும் அதே கதி.

சாயப் பொடிகள் 1870களிலிருந்து துருக்கி, ஈரான் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்ந்தன. நெசவாளர்கள் ஏன் அவற்றை வாங்கினார்கள் என்று இன்று சிலர் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்க மாட்டேன். மேடர் வேர் நல்ல நிறம் தர மூன்று ஆண்டு வளர வேண்டும். தோண்டி, காயவைத்து, இடித்து, காய்ச்ச வேண்டும். பொடியோ ஒரு பொட்டலம் வாங்கி வெந்நீரில் கலந்தால் போதும். அதுவரை பார்த்திராத மெஜந்தாவும் ஆரஞ்சும் அதில் கிடைத்தன. தண்ணீர் தூக்குவதும் விறகு பொறுக்குவதும் அவர்கள் வேலையாக இருந்தபோது அந்தப் பொட்டலத்தை வாங்கியதில் என்ன தவறு? அது சில ஆண்டுகளில் வெளுக்கும் என்று வாங்கும்போது தெரியாது. சில சாயங்கள் வெளுத்தன, சில தண்ணீர் பட்டதும் பக்கத்து வெள்ளையில் கசிந்தன.

ஈரானில் இது அரசின் கவலையாகவே ஆனது. கம்பளம் அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதிப் பொருள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாஸிருத்தீன் ஷா அரசு அனிலைன் சாயங்கள் எனப்பட்ட இந்தச் செயற்கைச் சாயங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. தடை முழுதாகப் பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் குரோமிய உப்பின் உதவியால் கம்பளியில் பிடிக்கும் குரோம் சாயங்கள் என்ற புதுச் செயற்கைச் சாயங்கள் வந்து இந்தப் பிரச்சினையைத் தீர்த்தன. அவை வெளுக்காது, கசியாது. ஆனால் ஒவ்வொரு நிறமும் தனியாக நின்று கத்தும். மேடர் வேரில் அலிசரின் மட்டும் இல்லை, வேறு நிறப் பொருள்களும் சேர்ந்திருக்கும். அவுரி, மஞ்சள் எல்லாவற்றிலும் அப்படியொரு கலப்பு உண்டு. அதனால் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று இணங்கும். தூய ஒற்றைப் பொருளால் ஆன சாயத்தில் அந்த இணக்கத்தை நெசவாளரே தேர்ந்து உண்டாக்க வேண்டியிருந்தது.

வடிவத்தை யார் கேட்டார்கள்

வடிவம் மாறியதற்கு முதல் பெரிய உதாரணம் ஈரானின் சஃபாவித் அரசவை. 16ஆம் நூற்றாண்டில் ஷா தஹ்மாஸ்ப் காலத்தில் புத்தகங்களுக்கு அலங்காரம் வரைந்த ஓவியர்களின் கை கம்பளத்துக்கும் வந்தது. நடுவில் பெரிய பதக்கம், நான்கு மூலைகளில் அதன் கால்பங்கு, இடையெல்லாம் கொடி. பழைய தோல் புத்தக அட்டைகளைப் பார்த்தால் இதே அமைப்பு இருக்கும். இந்த வகையில் உச்சம் அர்தபீல் கம்பளம். ஹிஜ்ரி 946, அதாவது 1539–40 என்ற ஆண்டும் காஷான் ஊர் மக்ஸூதின் பெயரும் அதிலேயே நெய்யப்பட்டுள்ளன. நீளம் பத்து மீட்டருக்கு மேல், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல், முடிச்சுகள் இரண்டரைக் கோடிக்கும் அதிகம். ஒரு நாளைக்கு 8,000 முடிச்சு போடும் ஒரே ஒருவர் விடுமுறையே எடுக்காமல் உட்கார்ந்தாலும் எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893இல் 2,000 பவுண்டுக்கு இதை வாங்கியது. இப்போது அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் அதன் மேல் விளக்குப் போடுகிறார்கள். சாயத்தைக் காப்பாற்றத்தான்.

மத்திய ஆசியாவின் துர்க்மேன் மக்களிடம் கதை வேறு. அவர்களுடைய சிவப்புக் கம்பளங்களில் எட்டுப்பட்டை வடிவம் ஒன்று வரிசை வரிசையாகத் திரும்ப வரும். அதன் பெயர் ‘குல்’. தெக்கே, யோமுத், சாலோர் என்று ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனி குல் உண்டு. துர்க்மெனிஸ்தான் நாட்டின் கொடியில் ஐந்து குல்கள் இன்றும் இருக்கின்றன. இங்கே வடிவம் மாறாமல் இருப்பதில்தான் பெருமை.

நமக்குப் பழகிய ஒரு வடிவமும் ஈரானியக் கம்பளங்களில் உண்டு. பட்டுச் சேலையில் மாங்காய் என்று சொல்கிறோமே, அதை அங்கே ‘போத்தே’ என்பார்கள். அதன் மூலம் தீயா, சைப்ரஸ் மரமா, பூங்கொத்தா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாங்காய் என்று சொல்வது நாம் மட்டும்தான் போலிருக்கிறது. அதுபோல ஹெராத்தி என்ற புகழ்பெற்ற வடிவத்தில் ஒரு சாய்சதுரத்தைச் சுற்றி நான்கு வளைந்த இலைகள் இருக்கும். ஈரானியர்கள் அதை ‘மாஹி’ என்பார்கள், மீன் என்று பொருள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாங்குபவர் மாறினார். 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பாவில் பாரசீகக் கம்பளத்துக்கு மவுசு ஏறியது. மான்செஸ்டரின் சீக்லர் நிறுவனம் ஈரானின் சுல்தானாபாத் நகரத்தில், இன்றைய அராக்கில், நெசவாளர்களை வைத்து மேற்கத்திய வரவேற்பறைக்கு ஏற்ற கம்பளங்களைச் செய்வித்தது. பூக்கள் பெரிதாயின, இடைவெளி கூடியது, நிறங்கள் மென்மையாயின. நீளமாக, ஒடுங்கலாக நெய்த பழைய அளவுகள் ஈரானிய அறைக்குப் பொருந்தியவை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் விரிக்க வேறு அளவு வேண்டியிருந்தது.

இந்த மாற்றத்தில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, ஈரானில் அமெரிக்கச் சந்தைக்காக நெய்த ‘அமெரிக்க சாரூக்’ கம்பளங்கள். 1920களில் அமெரிக்கர்களுக்குப் பிடித்தது ஆழ்ந்த ஒயின் சிவப்பும் பட்டு போன்ற பளபளப்பும். பளபளப்புக்காகக் கம்பளங்களை அமெரிக்காவில் ரசாயனத்தில் அலசினார்கள். அலசியதில் நெசவாளர் கொடுத்த நிறம் வெளிறிப்போனது. அதனால் ஆட்களை உட்கார வைத்து, தூரிகையால் பூக்களைச் சுற்றிய பரப்பு முழுவதும் ஆழ்ந்த சிவப்புச் சாயம் தீட்டினார்கள். அந்தக் கம்பளத்தைப் புரட்டினால் பின்பக்கத்தில் ஈரானிய நெசவாளர் கொடுத்த மென்மையான ரோஜா நிறம் அப்படியே இருக்கும். ஃபுக்சின் கதையின் தலைகீழ் இது. பிற்காலத்தில் பலர் அந்தப் பூச்சைக் கழுவி நீக்கி விற்கத் தொடங்கினார்கள், ஏனென்றால் ரசனை மீண்டும் வெளிர் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. கெர்மான் ஊரிலும் அமெரிக்கச் சந்தைக்காக நடுப்பரப்பை வெறுமையாக விட்டு, ஓரத்தில் மட்டும் பூக்கள் வைத்து, வெளிர் நிறங்களில் நெய்தார்கள்.

எல்லா மாற்றமும் வியாபாரியின் கட்டளையால் வந்ததல்ல. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு அங்கே நெய்த சில கம்பளங்களில் பூவின் இடத்தில் ஹெலிகாப்டரும் டாங்கியும் கலாஷ்னிகோவ் துப்பாக்கியும் வந்து உட்கார்ந்தன. முதலில் பார்க்கும்போது வழக்கமான கரை போலத்தான் இருக்கும். கொஞ்சம் குனிந்தால் அது கையெறி குண்டு வரிசை. பிறகு அதற்கும் வெளிநாட்டில் வாங்குபவர்கள் வந்தார்கள், அவர்களுக்காகவும் நெய்தார்கள். ஆனால் முதல் கம்பளங்களை நெய்தவர்கள் தங்கள் வானத்தில் பார்த்ததைத்தான் நெய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

வேருக்குத் திரும்பியவர்கள்

இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த ஹரால்ட் பேமர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பழைய துருக்கிக் கம்பளங்களின் நூல் துணுக்குகளை ஆய்வு செய்து, எந்தச் செடியிலிருந்து எந்த நிறம் வந்தது என்று கண்டுபிடித்தார். அந்தச் செடிகள் பல இன்னும் கிராமத்து வயல் ஓரங்களில் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் காய்ச்சும் முறைதான் மறந்துபோயிருந்தது. 1981இல் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு மேற்குத் துருக்கியின் அய்வாஜக் பகுதிக் கிராமங்களில் டோபாக் என்ற திட்டம் தொடங்கியது. கூட்டுறவு அமைப்பாக நடந்த அதில் பெண்கள் தங்கள் குடும்பத்து வடிவங்களையே நெய்தார்கள், நிறங்களைத் தாங்களே தேர்ந்தார்கள். ஈரானிலும் ஆப்கன் நெசவாளர்களிடமும் இயற்கைச் சாயம் இதன் பின் பரவலாகத் திரும்பி வந்தது.

நீங்கள் ஒரு கம்பளத்தைப் பார்க்கப் போகும்போது இவ்வளவு செய்யுங்கள். முதலில் மூலையை மடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்னால் தெரியும் வடிவம் முடிச்சு முடிச்சாகப் பின்னாலும் தெளிவாகத் தெரிந்தால் அது கை முடிச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பசை பூசித் துணி ஒட்டியிருந்தால் அல்ல. பிறகு மேற்பரப்பை இரண்டு விரலால் விலக்கி, கம்பளியின் அடி நிறத்தையும் நுனி நிறத்தையும் ஒப்பிடுங்கள். அடி பளீரென்றும் நுனி சாம்பலாகவும் இருந்தால் ஃபுக்சின் போன்ற பழைய செயற்கைச் சாயம், நுனி அடர்ந்தும் அடி வெளிறியும் இருந்தால் நெய்து முடித்த பிறகு யாரோ தீட்டியது. கடைசியாக, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு உள்ள இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் அந்தக் கம்பளத்தை வீட்டில் தண்ணீரில் அலசாதீர்கள்.